படிக்கப் போன மகளுக்கு எந்தத் துறை?

மகளின் விடுதிச் சேர்க்கைப் படிவம் படப்பையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு வாரம் கிடந்தது. நான்கு பக்கம். முதல் பக்கத்தில் அவள் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, படிப்பு. மீதி மூன்று பக்கங்களில் அவளைப் பற்றி எதுவும் இல்லை. அவளைச் சுற்றி நிற்க வேண்டியவர்களைப் பற்றித்தான் இருந்தது. பார்க்க வரக்கூடியவர்களின் பட்டியல், அவர்களின் புகைப்படம், கையெழுத்து மாதிரி. உள்ளூர்க் காப்பாளரின் பெயர், உறவுமுறை, புகைப்படம். வெளியே போவதற்கான காரணங்கள் ஐந்து அச்சிடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் பெற்றோர் உறுதிமொழி. என் மகளின் நடத்தைக்கு நானே பொறுப்பு, விடுதி நேரத்துக்குப் பின் அவளுக்கு என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பாகாது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எதைக் கையில் எடுத்தாலும் பனுவலாகத்தான் தெரியும். இந்தப் படிவத்தையும் அப்படித்தான் படித்தேன். 'பாதுகாப்பு' என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வருகிறது. இரவில் காய்ச்சல் வந்தால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. புகார் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் போவது என்பதும் இல்லை. அண்ணன் மகன் வேறொரு ஊரில் பொறியியல் சேர்ந்தபோது நிரப்பிய விடுதிப் படிவம் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றரைப் பக்கம். மெஸ் கட்டணம், மின்விசிறி உடைந்தால் அபராதம், அவ்வளவுதான்.

"தாம்பரத்தைச் சுத்தி இத்தனை காலேஜ் இருக்கு, எதுக்கு மேடம் மதுரைக்கு அனுப்புறீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் படிப்பின் பக்கமாகத்தான் வளர்ந்திருக்கிறது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் காலை ஏழரை மணிக்கு நின்றால் கல்லூரிப் பேருந்துகளும் ஒரகடம் கம்பெனிப் பேருந்துகளும் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம். மகளுக்கு வேண்டிய படிப்பு மதுரையில்தான் கிடைத்தது என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு நம்மிடம் சொல் இல்லை.

எதுவும் இல்லை என்று சொல்வது என் துறைக்கு அவமானம் என்பதால் தேடிப் பார்த்தேன். அகப்பொருள் இலக்கணத்தில் பிரிவு பல வகை. அதில் ஓதற்பிரிவும் ஒன்று. கல்விக்காகப் பிரியலாம்; ஆனால் பிரிபவன் ஆண், அதுவும் உயர்ந்தோர் எனப்பட்டவன். அந்தப் பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று தொல்காப்பியக் கற்பியல் கணக்கும் சொல்கிறது. (நம் இளங்கலைப் பட்டமும் மூன்று ஆண்டுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.) அதே நூல் பெண்ணோடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்கிறது. அகத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதற்கு உள்ள பெரிய வழி உடன்போக்கு. ஒருவனோடு போவது. தனியாக நடக்கிற பெண்கள் இல்லாமலில்லை. வெள்ளிவீதியார் இருக்கிறார், ஆதிமந்தி இருக்கிறார். அவர்களும் தொலைந்துபோன ஆணைத் தேடித்தான் நடக்கிறார்கள்.

ஐங்குறுநூற்றுப் பாலையில் மகளை அனுப்பிவிட்ட தாய் இரங்கும் பத்துப் பாடல்கள் தனியாகவே தொகுக்கப்பட்டிருக்கின்றன. கலித்தொகையில் செவிலி சுரத்தின் வழியே தேடிப் போகிறாள். எதிரே வருகிற அந்தணர்கள் சந்தனத்தையும் முத்தையும் யாழின் இசையையும் உவமை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். மகளில்லாத வீட்டில் தாய் படும் துயரத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன மொழி நம்முடையது. ஆனால் அந்தத் துயரம் முழுக்க 'எவனோடோ போய்விட்டாள்' என்பதைச் சுற்றியே இருக்கிறது. படிக்கப் போன மகளுக்கு அதில் ஒரு துறை இல்லை. அதனால்தான் விடுதிப் படிவம் ஒவ்வொரு கேட் பாஸையும் உடன்போக்காகவே வாசிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்துக் கடைக்குப் போகிறேன் என்றாலும் யாரோடு என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று இற்செறிப்பு. குறிஞ்சித் தலைவி முதலில் காவல் காக்கப்படுகிறவள் அல்ல, காவல் காக்கிறவள். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டுகிறாள். கையில் கவணும் தட்டையும் இருக்கின்றன. தினை முற்றி அறுவடை ஆனதும், அல்லது ஊர் அலர் பேசத் தொடங்கியதும், அவளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். காவலாளியையே காவலுக்குள் வைக்கிற இந்த மாற்றம் ஏன் என்று உரையாசிரியர்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளைப் பாதித்த ஒன்றுக்காக அவளை அடைப்பது நமக்குப் பழக்கமான தர்க்கம். தாய்க்குச் சந்தேகம் வந்தால் வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துவாள், மகளிடம் கேட்க மாட்டாள். மகள் மெலிந்ததற்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் தோழி. வேலன் ஆடுகிற களத்தில் அவள் வாய்மூடி நிற்பாள், அல்லது துணிந்து உண்மையைச் சொல்வாள்.

இதையெல்லாம் முனைவர் பட்டத்துக்காகப் படித்தேன். வாழ்ந்தது அதற்கு முன்பே.

1996 ஜூனில் திருச்சியில் ஒரு கல்லூரியில் இளங்கலை சேர்ந்தேன். விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இன்லேண்ட் லெட்டரின் ஓரம் கிழிந்திருக்கும், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அந்த நவம்பரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு விடுதியில் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கு கீழ் நீதிமன்றத் தண்டனை, உயர் நீதிமன்ற விடுதலை என்று நீண்டு, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது நான் ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தேன்.

அந்த நவம்பரில் எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எஸ்.டி.டி. பூத்தில் வரிசை நின்றது. அப்பாக்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். இரண்டு பெண்களைப் பெட்டியோடு திரும்ப அழைத்துப் போய்விட்டார்கள். ஒருத்தி திரும்பி வரவே இல்லை. செத்தது ஒரு பையன். கொன்றது இன்னொரு பையன். நடந்தது ஆண்கள் விடுதியில், அறைக்குள். ஆனால் படிப்பு நின்றது பெண்ணுக்கு. எங்களுக்கு மாலை ஆறரை மணி ஆறு மணியாயிற்று. ஆண்கள் விடுதிகளின் கதவை யாராவது முன்கூட்டிப் பூட்டியதாக நான் கேள்விப்படவில்லை. பூட்டியிருந்தாலும் நாவரசைக் காப்பாற்றியிருக்காது. ஆபத்து உள்ளே இருந்தது.

28 ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். நண்பரோடு பேசிக்கொண்டிருந்தவர்களிடம் வந்தவன் வளாகத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை நடத்தியவன். நண்பரை அடித்து விரட்டினான். நாட்டின் கவனமெல்லாம் அதன் பிறகு 'யார் அந்த சார்?' என்ற கேள்விக்குப் போயிற்று. கட்சிகள் சுவரொட்டி ஒட்டின. பெண் பின்னால் போனாள். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறோர் இடத்தில். அவன் அவர்களை எதைக் காட்டி மிரட்டினான்? இருவரையும் படம் எடுத்திருக்கிறேன், நிர்வாகத்திடம் காட்டிக் கல்லூரியை விட்டே நீக்க வைப்பேன் என்று மிரட்டியதாகத்தான் செய்திகள் வந்தன. கையில் கத்தி இருந்தால் அது அவனுடைய ஆயுதம். இந்த ஆயுதத்தை அவனுக்குச் செய்து கொடுத்தவர்கள் நாம். ஒரு பெண் இரவில் ஓர் ஆணோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது வெளியே தெரிந்தால் அவள் படிப்பு போய்விடும் என்பதை வளாகத்தைச் சுற்றித் திரிகிற ஒருவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. விடுதி விதிகளை அவன் படித்திருக்கத் தேவையில்லை. ஊரே அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

அந்தப் பெண் பயப்படாமல் மறுநாளே புகார் கொடுத்தார். 25ஆம் தேதி அவன் கைதானான். அடுத்து என்ன நடந்தது? அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. அதன் வாசகங்களே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் தொனியில் இருந்தன. டிசம்பர் 28இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அதைக் கடுமையாகக் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. அவரிடம் கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்க விட வேண்டும் என்றது. 2025 மே 28இல் மகளிர் நீதிமன்றம் 11 குற்றச்சாட்டுகளிலும் அவனைக் குற்றவாளி என்றது. ஜூன் 2இல் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. ஐந்து மாதச் சொச்சத்தில் தீர்ப்பு வருவது நம் நாட்டில் அபூர்வம். அது அந்தப் பெண் வாய் திறந்ததால் நடந்தது. பெற்றோர்கள் அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னோம் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். 'பாரு, ராத்திரி வெளியே போகாதே' என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்லியிருப்போம். 'பாரு, அவ மறுநாளே போய்ச் சொன்னா' என்று எத்தனை பேர் சொன்னோம்?

சொல்வது என்பதுதான் இதில் எல்லாமே. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தேன். ஒரு மாணவி என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே, "மேடம், வீட்டுக்குத் தெரியாம பண்ண முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். அவளுக்கு 19 வயது. சட்டப்படி அவள் புகாரை அவளேதான் தர வேண்டும். பெற்றோர் சம்மதம் தேவையில்லை. ஆனால் அலுவலகத்தில் 'எதுக்கும் ஒரு சேஃப்டிக்கு' பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் சண்டை போட்டேன். சண்டை முடிவதற்குள் அவள் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க மேடம்." அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'சேஃப்டி' யாருடையது என்று நான் கேட்டதற்கு அந்த அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மூன்றாம் ஆண்டு வரை என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைப் புத்தகத்துக்குத் திருப்பிக்கொண்டேன்.

ஆகவே, மகளை அனுப்பும் தாய்மார்கள் விடுதி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்பதல்ல. புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பெயரும் கைபேசி எண்ணும் எங்கே எழுதிப் போட்டிருக்கிறீர்கள், பிள்ளை புகார் கொடுத்தால் அவளைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்வீர்களா? இதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும்: எது நடந்தாலும் படிப்பை நிறுத்த மாட்டேன். இதைச் சொல்லாத வீட்டில் மற்ற எந்த அறிவுரைக்கும் பயன் இல்லை. அந்த வாக்கு இல்லாததால்தான் பிள்ளைகள் சொல்வதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகள் 2015இல் இயற்றப்பட்டு 2016 மே மாதம் அரசிதழில் வந்தன. நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்கின்றன அவை. பாதிக்கப்பட்டவர் உடலாலோ மனத்தாலோ முடியாத நிலையில் இருந்தால் உடன் படிப்பவரே, தோழியே அவருக்காகப் புகார் தரலாம் என்றும் இருக்கிறது. அதே ஒழுங்குமுறைகளில் இன்னொரு விதி: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. என் மகளின் நான்கு பக்கப் படிவத்தை அச்சடித்தவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2015இல் தில்லியில் ஜாமியா விடுதிப் பெண்களின் இரவு அனுமதி ரத்தானதை எதிர்த்து எழுந்த 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கம், கூண்டை உடை என்று பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கூட்டங்களில் மிக அதிகமாகத் திட்டு வாங்குவது அதுதான். கோழிக்கோடு பக்கம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்றார்கள். ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஏற்க மறுத்தார். விடுதியை விட்டு நீக்கப்பட்டார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெற்றோர் கேட்டுக்கொண்டதால்தான் இந்தக் கட்டுப்பாடு என்பது எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று. 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்விக்கான உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அருப்புக்கோட்டையில் ஓர் உதவிப் பேராசிரியை மாணவிகளைக் கைபேசியில் அழைத்து மேலிடத்து ஆட்களுக்கு இணங்கச் சொன்ன உரையாடல் வெளியானது. 2024இல் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் குரல் பதிவு இல்லாவிட்டால் அந்த வழக்கு இல்லை. அழைத்தவர் ஒரு பெண், ஓர் ஆசிரியை, அதாவது என்னைப் போன்ற ஒருவர். எந்தப் படிவமும் புகைப்படம் கேட்காமலே நம்புகிற இடத்தில் இருந்தவர். பதிவு செய்தவர்கள் கையிலிருந்தது, நாம் பிடுங்கி வைக்கத் துடிக்கிற அந்தக் கருவி.

எங்கள் ஊரிலிருந்து ஒரகடம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு 'லேடீஸ் ஹாஸ்டல்' பலகை. பெரும்பாலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள், பதினெட்டு பத்தொன்பது வயது, என் மாணவிகளின் வயதுதான். பல்கலைக்கழகம் போக வேண்டியவர்கள் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். கம்பெனிப் பேருந்து கேட்டில் ஏற்றிக் கேட்டில் இறக்குகிறது, இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2021 டிசம்பரை நினைவூட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். யாரோடு போனாள் என்று பதிவேட்டில் எழுதத் தெரிந்தவர்களுக்கு அவளுக்கு என்ன சோறு போடுகிறோம் என்று தெரியவில்லை. சமையலறையைப் பார்க்காமல் எந்த விடுதியிலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்: 2014இல் பொள்ளாச்சி விடுதியில் இரு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு அதே ஆண்டு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது, பதிவில்லாமல் விடுதி நடத்தக் கூடாது. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இவ்வளவு எழுதுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? மகள் போவதற்கு முதல்நாள் இரவு, இருக்குமிடம் காட்டும் வசதியை அவள் போனில் போட்டு விடட்டுமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "நீயும் எனக்கு ஷேர் பண்ணுவியாம்மா?" என்றாள். பண்ணுகிறேன் என்றேன். அதிலிருந்து என் போனில் மதுரையில் ஒரு நீலப் புள்ளி. வகுப்பு முடிந்ததும் பார்ப்பேன், தூங்கும் முன் பார்ப்பேன், நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் பார்ப்பேன். இற்செறிப்பைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு முழு இயல் எழுதியவள். ஒருநாள் இரவு 9.40க்குப் புள்ளி விடுதியில் இல்லை. அழைத்தேன். குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "எங்கடி இருக்க?" என்றேன். "மெடிக்கல் ஷாப்மா. ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். வார்டன்கிட்ட பாராசிட்டமால்கூட இல்ல." பின்னால் வேறு பெண்களின் குரல் கேட்டது, மூன்று பேர் சேர்ந்து வந்திருக்கிறார்கள். சரி சரி என்று வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவளிடமிருந்து செய்தி: "நீ ஏன் மூணு மணி நேரமா தாம்பரம் ஸ்டேஷன்லயே இருக்க?" ரயில் தவறவிட்ட தோழியோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது.

புள்ளியை இன்னும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

படிவத்துக்குத் திரும்புகிறேன். மூன்றாம் பக்கத்தில் 'உள்ளூர்க் காப்பாளர்' கட்டம். அதில் புகைப்படம் ஒட்டும் சதுரத்தைப் பார்த்ததால்தான் படிவம் ஒரு வாரம் மேசைமேல் கிடந்தது. 1996இல் என் படிவத்திலும் அந்தச் சதுரம் இருந்தது. அதில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியின் படம் ஒட்டியிருந்தது. திருச்சியில் இருந்த ஒரே உறவு. சித்தப்பா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தால் வார்டன் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், கையெழுத்து வாங்குவார், என்னை அனுப்புவார். விதிகள் அனைத்தும் சரியாகப் பின்பற்றப்பட்டன. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் போக மாட்டேன் என்றேன். காரணம் எழுதச் சொன்னார்கள். அச்சிட்ட ஐந்து காரணங்களில் என் காரணம் இல்லை.

அறையில் என்னோடு இருந்தவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் குளித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறாள். நான்காவது ஞாயிறு காலை அவளே வார்டனிடம் போய், "அவளுக்கு அம்மை மாதிரி இருக்கு மேடம், யாரும் பக்கத்துல வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். விடுதியே என் அறைப் பக்கம் வரவில்லை. சித்தப்பா வாசலோடு திரும்பினார். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறு எனக்கு ஏதாவது ஒரு நோய் வந்தது. தலைவிக்கு நேர்ந்ததைத் தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தையிடம் சொல்வாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். எங்கள் விஷயத்தில் சங்கிலி தோழியோடு நின்றுபோயிற்று. அடுத்த கண்ணியாக ஒரு செவிலி அங்கே இல்லை. அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த நவம்பரில் பெட்டியோடு போனவர்களில் நானும் ஒருத்தியாகியிருப்பேன். அம்மா இப்போது இல்லை.

தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் விடுதிகளுக்குத் 'தோழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் யோசித்த பெயரோ, நல்ல பெயர்.

அந்தத் தோழி இப்போது மதுரையில் இருக்கிறாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். போன் செய்து, "உன் போட்டோ ஒண்ணு வேணும்டி" என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாஸ்போர்ட் சைஸா?" என்றாள்.

மகளைச் சேர்க்கிற அன்று அவளும் வந்திருந்தாள். உறவுமுறைக் கட்டத்தில் 'தோழி' என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், ரிலேஷன் போடணும்."

"போட்டிருக்கேனே."

"ஃப்ரெண்டெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க மேடம். பிளட் ரிலேஷன்தான். அம்மா சைடா, அப்பா சைடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மேசைமேலிருந்த பேனாவை எடுத்து, 'தோழி'யை அடித்துவிட்டு, 'பெரியம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் முத்திரை குத்தினார். மகள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "பெரியம்மாவா? நீங்க அம்மாவ விட சின்னவங்கன்னு அம்மா சொன்னாங்களே" என்றாள்.

"ஆறு மாசம்" என்றாள் அவள். "யாரும் கணக்குப் பாக்க மாட்டாங்க. வா, மெஸ்ஸப் பாப்போம்."